படத்தில் இருக்கிறது மட்டும்

“பூஞ்சை இருக்கு” என்றுதான் அக்கா வியாபாரத்தையே ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். “நடுவுல ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டிருக்கு. கடைசியில கொஞ்ச தூரம் வெறும் வெள்ளைதான் ஓடும். டப்பாவைத் திறந்தா புளிச்ச வாடை அடிக்கும். சத்தம் கிடையாது. இதெல்லாம் சம்மதம்னா உள்ள வாங்க.”

பாதிப் பேர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பார். சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று சொல்லித்தான் அதையும் கொடுப்பார்.

அவர் விற்றது பழைய படச்சுருள்கள். தியேட்டரில் ஓடிய சினிமா இல்லை. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் சொந்தமாகக் கேமரா வைத்துக்கொண்டு வீட்டில் எடுத்த படங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகர டப்பா, அதற்குள் மூன்று நான்கு நிமிஷம் ஓடுகிற எட்டு மில்லிமீட்டர் சுருள். பிள்ளைக்கு மொட்டை போட்டது, புதுக் கார் வாங்கியது, குற்றாலத்தில் குளித்தது, கல்யாணத்தில் மாலை மாற்றியது. யார் யார் வீட்டு விசேஷமெல்லாமோ கோவில்பட்டியில் அக்கா வீட்டுப் பின்னறையில் உத்தரம் வரை அடுக்கியிருந்தது.

சேர்த்தவர் அக்காவின் கணவர். மணியாச்சியில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். ரயில்வே பாஸ் கையில் இருந்ததால் லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவார். கொல்லம், மதுரை, குன்னூர் என்று பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்குவார். இந்தப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் முதலாளிகளுடைய பழைய வீடு எதையாவது இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் கடப்பாரைக்கு முன்னால் இவர் போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்னறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சுவரில் படம் போட்டுத் தனியாகப் பார்ப்பாராம். அக்கா ஒருநாளும் கூட உட்கார்ந்ததில்லை.

“அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தை அழைப்பில்லாம எதுக்குப் பாக்கணும்?” என்பார்.

கணவர் இறந்து ஒரு வருஷம் கழித்து அந்த அறையைத் திறந்தபோது வாடை மூக்கைத் துளைத்திருக்கிறது. அந்த மாதிரிப் பிலிமுக்கு வயதாகிவிட்டால் தானாகப் புளித்துப் போகும். அப்புறம் சுருங்கி நொறுங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் அக்கா விற்பது என்று முடிவு செய்தார்.

“இங்கனயே கிடந்தா அம்புட்டுப் பேரும் என் வீட்லயே அழிஞ்சு போவாவ. அந்தப் பழி எனக்கு வேண்டாம்” என்றார்.

அக்கா சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் வில்லங்கம் பார்த்தவர். ஒரு நிலத்தின்மேல் அடமானம் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளி யாராவது முன்பே எழுதி வாங்கியிருக்கிறானா என்று தடித்தடியான புத்தகங்களைப் புரட்டித் தேடிச் சான்று எழுதுகிற வேலை. எழுதியிருப்பதைச் சொல்ல வேண்டும். எழுதாததைச் சொல்லக்கூடாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. பின்னால், அறை காலியானதும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போனார். போவதற்கு முன் வாசலில் தொங்கவிட்ட அட்டையில், “வீடு வாடகைக்கு. மழை பெய்தால் மேற்கு மூலை ஒழுகும்” என்று எழுதியிருந்தது. நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அந்த அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்தது என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கூரியர். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் நானே வாசகம் எழுதி அடித்துக் கொடுப்பேன். என் கடையில் அச்சான எல்லா மணமகனும் திருநிறைச்செல்வன். இறந்தவர்கள் எல்லாரும் பாசமிகு. ஒருநாள் நான் ஒட்டக் கொடுப்பதற்காக வைத்திருந்த அஞ்சலி நோட்டீஸை அக்கா நின்று வாசித்தார். இறந்தவர் அவருடன் வேலை பார்த்தவர்.

“‘ஏழைகளின் தோழன்’னு போட்டிருக்கியேட்டி. எந்த ஏழைக்கு?”

“அவிய வீட்ல போடச் சொன்னாவக்கா.”

“சரி” என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று பூராவும் அந்தக் கேள்வி கடைக்குள்ளேயே நின்றது.

சுருள்களை இணையத்தில் விற்றுத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். ஏலம் விடுகிற ஒரு தளத்தில் முதல் சுருளைப் படம் பிடித்துப் போட்டேன். கீழே நாலு வரி வேண்டுமே என்று, ‘அரிய பொக்கிஷம். காலத்தால் அழியாத காட்சிகள்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அக்கா அதை எனக்குத் தமிழில் சொல்லு என்றார். சொன்னேன்.

“அரியதுன்னு யாரு சொன்னா? என் வீட்ல ஒரு ரூம் நிறையக் கிடக்கு.”

“எல்லாரும் அப்படித்தான் போடுவாவக்கா.”

“காலத்தால அழியாததா? அழியுதுன்னுதானட்டி விக்குதேன்.”

அழித்தேன். விற்பதற்காக ஓட்டிப் பார்த்து வைத்திருந்ததை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் முகம் கடைசிவரை தெரியாது. மணப்பெண் இரண்டு இடத்தில் கொட்டாவி விடுகிறாள். நடுவில் ஒரு ஆடு குறுக்கே போகிறது. பூஞ்சை உண்டு.’ இதற்கு எந்தப் பைத்தியம் வரும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், கொட்டாவி தெளிவாகத் தெரியுமா என்று கேட்டு எழுதினார். முதலாவது தெளிவு, இரண்டாவதில் கையால் மறைத்துக்கொள்கிறாள் என்று அக்கா பதில் சொல்லச் சொன்னார்.

ஆனால் அந்தச் சுருள் வெளிநாட்டுக்குப் போகவில்லை. அக்கா ஒரு முறை வைத்திருந்தார். படத்தில் இருக்கிற ஆட்கள் யாரென்று கண்டுபிடிக்க முடிந்தால் முதலில் அவர்களிடம் கேட்பது. அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு. இதற்காக என் கடைக் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டச் சொன்னார். ‘பழைய வீட்டுப் படச்சுருள்கள். கோவில்பட்டி, சுற்றுவட்டார வீடுகள். உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று வந்து பார்க்கலாம். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.’

கொட்டாவி விட்ட மணப்பெண் அதைப் பார்த்துத்தான் வந்தார். எழுபது வயது. கூட அவர் வீட்டுக்காரர். பின்னறையில் கம்பளியைத் தொங்கவிட்டுப் படத்தை ஓட்டினோம். மூன்று நிமிஷமும் முடிந்த பிறகு பெரியவர், “நான் எங்க?” என்றார்.

“கழுத்துக்குக் கீழ இருக்கீங்க” என்றார் அக்கா. “எடுத்தது பொண்ணு வீட்டுக்காரவியளா இருக்கும்.”

அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தவர் தெருமுனை போகும்வரை சிரித்துக்கொண்டே போனார். பெரியவர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடிந்ததில்லை. ஒரு தடவை காரில் ஒரு தம்பி வந்தார். அவர் தாத்தா தீப்பெட்டி ஆபீஸ் திறந்தபோது எடுத்த படம். ஆபீஸ் ஆண்டு விழாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். படத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி டப்பாவோடு கொடுக்கிற விற்பனைச் சீட்டை அக்கா எப்போதும்போல வாசித்துக் காட்டினார். “ரிப்பன் வெட்டுதாவ. எல்லாரும் லட்டு திங்காவ. ரெண்டாவது நிமிஷத்துல, பத்து வயசுகூட இருக்காது, ஆறு பிள்ளைக தரையில உக்காந்து கட்டையில தீக்குச்சி அடுக்குதுக. அதுல ஒண்ணு தூங்கி விழுது.”

அந்தத் தம்பி அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். சீட்டுத்தானே என்றார்.

“வரியை எடுத்தா பிள்ளைக போயிருமா தம்பி?” என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விவரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அவர் வாங்காமல் போய்விட்டார். அக்கா டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

எனக்கு அக்காவின்மேல் மரியாதை இருந்தது. ஆனால் ஒரே ஒரு தடவை அவரைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. அது ஒரு ஆட்டு வியாபாரி வந்தபோது.

ஆதார் அட்டை நகல் எடுக்க என் கடைக்கு வந்தவர் அவர். புதூர்ப் பக்கத்துக் கிராமம். ஐம்பதை நெருங்கிய வயது, தோளில் பச்சைத் துண்டு, எட்டயபுரம் சந்தை முடிந்து ஒரு வேலையாகக் கோவில்பட்டிக்கு வந்திருந்தார். நகல் வரும்வரை கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாசித்தார். நகல் வந்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தார்.

“கோவில்பட்டி வீடுகன்னு போட்டிருக்கே, எந்த எந்த வீடு?”

எனக்குத் தெரிந்த நாலைந்தைச் சொன்னேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெரிய இரும்பு கேட் போட்ட ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீடு, இடித்து இப்போது கல்யாண மண்டபம் ஆகிவிட்டது, அதைச் சொன்னதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அந்த வீட்லதாம்மா எங்கம்மா சமையல் வேலை பாத்தா.”

அவருக்கு இரண்டு வயது முடிவதற்குள் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். போட்டோ கிடையாது. வளர்த்தது அத்தை. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் அத்தை, “எல்லாப் பொம்பள மாதிரியும் இருப்பா” என்பாராம். அத்தையும் இப்போது இல்லை.

அன்று மத்தியானமே அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அந்த வீட்டுச் சுருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பையனின் பிறந்தநாள். அடைத்த அறைக்குள் வேர்த்து ஊற்ற, சுவரில் படம் ஓடியது. நான் என் போனில் அதை எடுத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் மேஜை போட்டு, காகிதத் தொப்பி வைத்த பையன் கேக் வெட்டுகிறான். எல்லாரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார்கள். இடது பக்கம் சமையல்கட்டு வாசல். அதிலிருந்து இளவயதில் ஒரு பெண் செம்போடு வெளியே வருகிறாள். கேமராவைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நாலு செகண்ட் இருக்கும்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். “இன்னொருக்கா போடுங்க.”

நாலு தடவை போட்டோம். அதற்குமேல் ஓட்டினால் ஒட்டுப் பிரிந்துவிடும் என்று அக்கா புரொஜெக்டர் விளக்கை அணைத்தார். வியாபாரி, ஜன்னல் கம்பளியை விலக்குமுன் அரையிருட்டிலேயே கேட்டார்.

“யம்மா, இது எங்கம்மாதான?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“வயசு சரியா இருக்கு. வேல பாத்த வீடும் அதுதான்.”

“வயசு சரிதான். வீடும் சரிதான்.”

“அப்பம் அவதான?”

“சமையக்கட்டுல இருந்து ஒரு பொம்பள வாரா. கையில செம்பு. வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போறா. படத்துல அவ்வளவுதான் இருக்கு. அவ யாருன்னு படத்துல இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாக்களைப் பார்த்தேன். “சரிம்மா” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது அந்த ஆதார் நகலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் அக்காவிடம் அன்றுதான் முதன்முதலாகச் சத்தம் போட்டேன். “ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா குறைஞ்சு போவும்? யாருக்கு நட்டம்? அந்த மனுசன் சந்தோசமா போயிருப்பாருல்லா?”

அக்கா சுருளை டப்பாவுக்குள் வைத்து மூடியை அழுத்தினார்.

“அந்த முகத்தைப் படமாக்கி நடுவீட்ல மாட்டுவாரு. மாலை போடுவாரு. அது வேற எவளோன்னா, அவிய அம்மா எங்கட்டி போவா?” என்றார்.

எனக்குக் கோபம் போகவில்லை. இரண்டு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. கூரியர் கட்ட அவரே கடைக்கு வந்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அக்கா சும்மா இருக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மண்டபத்துக்காரரைப் பிடித்து, அந்த வீட்டை விற்றவர்களின் நம்பரை வாங்கி, சென்னையில் இருக்கிற அந்த வீட்டு மகளிடம் பேசியிருக்கிறார். சமையல்கட்டில் அந்த நாளில் இரண்டு பெண்கள் இருந்தார்களாம். ஒருத்தி புதூர்ப் பக்கம், இன்னொருத்தி கழுகுமலை. கழுகுமலைக்காரி கோயில் பக்கம் பூக்கட்டி விற்பதாக எப்போதோ கேள்விப்பட்டதாகவும் அந்த மகள் சொல்லியிருக்கிறார். பேர் மட்டும்தான் தெரியும். அக்கா இரண்டு தடவை பஸ் ஏறிப் போயிருக்கிறார். முதல் தடவை அந்தம்மா மகள் வீட்டுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தார். இரண்டாம் தடவை அன்று விசேஷக் கூட்டம், எந்தப் பூக்காரி என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் தடவைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“உன் போனுலதானட்டி படம் இருக்கு. கோவத்தைத் திரும்பி வந்து பட்டுக்கோ. இப்பம் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

தேரடியிலிருந்து நாலு கடை தள்ளி உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார் அந்தம்மா. எழுபது வயது இருக்கும். அக்கா விவரம் சொல்ல, நான் போனை நீட்டினேன். கண் ஆபரேஷன் செய்தவர், கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். பெண் வெளியே வந்ததும் மடியிலிருந்த பூவெல்லாம் கீழே விழ எழுந்துவிட்டார்.

“ஏட்டி, இது நான்லா!”

அக்கா நிலத்துக்கு எல்லை கேட்பதுபோலக் கேட்டார். “நீங்கதான்னு எதை வச்சுச் சொல்லுதீங்க?”

“ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கேம் பாருங்க. அந்த வீட்லயே எனக்கு மட்டுந்தான் ரெட்டை மூக்குத்தி. இந்தா, இப்பமும் கிடக்கு.”

கிடந்தது. வியாபாரி கும்பிட்டிருந்தால் இந்தம்மாவைத்தான் கும்பிட்டிருப்பார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“இன்னொருத்தி இருந்தால்லா, புதூர்க்காரி. அவ இந்தப் படத்துல எங்கயும் இருக்காளா?” என்று கேட்டார்.

“அவ கேமராவைக் கண்டா ஒளிஞ்சுக்கிடுவா. வெளியவே வரமாட்டா.” அந்தம்மா மறுபடி போனை வாங்கினார். “இன்னொருக்கா போடு. இரு, இரு. நிப்பாட்டு. இந்தா!”

படத்தில் பெண் வெளியே வருவதற்குச் சற்று முன்பு, சமையல்கட்டு இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. அந்தக் கைதான் செம்பைக் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு இருட்டுக்குள் போய்விடுகிறது. ஒரு செகண்ட்கூட இருக்காது.

“இது அவதான். அவளுக்கு எல்லாம் இடது கைதான். இடது கையில குடுக்கான்னு முதலாளியம்மா ஏசுவாவ. நான் வாங்கிட்டுப் போய் வலது கையில குடுப்பேன். அதுக்குத்தான் என்கிட்ட நீட்டுதா, பாருங்க.”

நிறுத்திப் பார்த்தோம். இடது கைதான். முழங்கைக்குக் கீழே மெல்லிய கை, இரண்டு கண்ணாடி வளையல்.

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா போனை வாங்கி, கோவில்பட்டி வரும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே உழுதுபோட்ட கரிசல் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஒரு கையை விட்டிருக்கேன்” என்றார்.

“இருட்டுல லேசாத்தானக்கா தெரியுது.”

“தெரியுதுல்லா?”

நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“அவரு கேட்டப்ப, படத்துல அவ்வளவுதான் இருக்குன்னு சொன்னேன். அவ்வளவு இல்ல. தப்பாச் சொல்லி அனுப்பியிருக்கேன்.”

முப்பது வருஷத்தில் அக்கா எழுதிக் கொடுத்த ஒரு சான்றைக்கூட யாரும் தப்பென்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. யாரிடமாவது சொல்லியனுப்பி வியாபாரியை வரச் சொல்லலாம் என்றேன். தப்பாகச் சொன்னவள்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் காலையில், வியாபாரி விட்டுப்போன ஆதார் நகலில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு புதூர் பஸ் ஏறினோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. வெடித்துக் கிடந்த கரிசலில் அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வியாபாரி கிடையில் ஆடுகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அக்கா உட்காரக்கூட இல்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. படத்துல இன்னொண்ணு இருக்கு. நான் பாக்கல. வெளிய வந்த பொம்பள உங்கம்மா இல்ல. அவிய கழுகுமலையில பூக்கட்டுதாவ, உசுரோட இருக்காவ. உள்ள இருந்து ஒரு கை செம்பைக் குடுக்குது. அந்தக் கை உங்கம்மாவோடதுன்னு அவிய சொல்லுதாவ. நான் நேர்ல கண்டவ இல்ல. அவிய பேரும் கடை இருக்க எடமும் இந்தச் சீட்டுல இருக்கு. போய்க் கேட்டுக்கிடுங்க.”

இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் படத்தை ஓட்டி, கை வந்ததும் நிறுத்திக் கொடுத்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று ஆட்டுக்கொட்டகை நிழலுக்குப் போனார். முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன.

திரும்பி வந்தவர், “இது இடது கையாம்மா?” என்றார்.

“இடதுதான். அவியளுக்கு எல்லாமே இடது கைதானாம். அதுக்கு ஏச்சு வாங்குவாவளாம்.”

அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு பொதுவாகப் பேசுவதுபோலச் சொன்னார்.

“எனக்கும் இடதுதாம்மா. பள்ளிக்கூடத்துல துணியை வச்சுக் கட்டிப் போட்டாவ. வீட்ல அத்தை சூடு போட்டா, எவனுக்கும் இல்லாத பழக்கம் உனக்கு எங்க இருந்துலே வந்துச்சுன்னு. சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவோம்லா, அதுக்கு வலது கையைப் பழக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.” போனை மறுபடி பார்த்தார். “எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடியுங்கள் என்று உள்ளே போனார். இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றை எனக்கு வலது கையால் கொடுத்தார். மற்றது இடது கையில் இருந்தது. அதைக் கை மாற்றப் போனவர், பாதியில் நிறுத்தி, இடது கையாலேயே அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கிக் குடித்தார். உப்புக் கொஞ்சம் கூடுதல் என்றார்.

சுருளை அவருக்கு விற்கத்தான் செய்தார். இனாமாகக் கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு, “சும்மா குடுத்தா நாம என்னமோ உபகாரம் செஞ்ச மாதிரி ஆயிரும். அவரு அம்மாவை அவரு வாங்குதாரு” என்றார். சீட்டில் கையைப் பற்றி ஒரு வரி சேர்த்தோம். அந்தக் கை யாருடையது என்ற இடத்தில், ‘கழுகுமலைப் பூக்கார அம்மா சொன்னபடி’ என்று போடச் சொன்னார். வியாபாரி ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் மாதத்துக்கு ஒருநாள் சந்தை முடிந்து கழுகுமலைக்குப் போக ஆரம்பித்தார். பூக்கடை பக்கத்தில் உட்கார்ந்து, அந்தம்மா சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, திரும்புகிற வழியில் என் கடைக்கு வந்து என்னிடம் சொல்வார். முதல் மாதம், அம்மா அதிகம் பேசமாட்டாளாம். இரண்டாம் மாதம், அம்மா நன்றாகப் பாடுவாளாம். அடுத்த மாதம், அவள் பாடினால் முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பாராம். அதற்கடுத்த மாதம், கொல்லைப்புறமாக வந்த திருடனை ஒற்றை ஆளாக, இடது கையாலேயே அடித்து விரட்டியிருக்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். பின்னறை பாதிக்குமேல் காலியாகியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து கூரியருக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் பூக்கார அம்மா மாசத்துக்கு மாசம் கதையைக் கூட்டிக்கிட்டே போறாவ. அவரு அம்புட்டையும் நம்புதாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, டப்பாவைச் சுற்றி ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தார்.

“என்கிட்ட அவரு கேக்கலியேட்டி” என்றார்.